கடலையும் நிலமாகப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலவடிவமைப்பு படித்துவிட்டுப் பல வருஷமாகக் கடலோர ஊர்களில் வேலை செய்கிறேன். கல்லூரி வகுப்பானாலும் சரி, குப்பத்துக் கூட்டமானாலும் சரி, 'கடலை வடிவமைப்பது' என்று பேச்செடுத்ததும் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

லேண்ட்ஸ்கேப்னா புல்தரை, செடி, நடைபாதை. அதுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

புல்தரையும் செடியும் இந்த வேலையின் கடைசி அடுக்கு. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், மண் எங்கே இறுகும், ஆட்கள் எந்த மரத்தடியில் போய் உட்காருவார்கள், இருபது வருஷம் கழித்து நிழல் எங்கே விழும் என்று பார்ப்பதில்தான் பெரும்பகுதி உழைப்பு போகிறது. தண்ணீர், மண், உயிர்கள், மனிதர்கள், காலம் ஆகிய ஐந்தையும் ஒன்றாக வைத்து யோசிப்பதே நிலவடிவமைப்பு. இந்த ஐந்தும் கடலிலும் உண்டு.

இது நேற்று முளைத்த ஆசையும் இல்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட், 1880-களில் பாஸ்டன் நகரத்தில் கழிவுநீர் தேங்கி நாறிக்கிடந்த ஒரு சேற்றுநிலத்தைக் கையில் எடுத்தார். ஓதம், அதாவது கடல்நீர், ஏறி இறங்கும் உவர்ச்சதுப்பாக அதைத் திரும்ப உருவாக்கினார். பிறகு 1910-இல் சார்லஸ் ஆற்றின் முகத்தில் அணை வந்தது. ஓதம் நின்றது, உவர்ச்சதுப்பு நன்னீராக மாறியது, அவர் நட்ட செடிகளுக்கு அங்கே வாழ்வில்லாமல் போயிற்று. கடலோரத்தில் ஒன்றைச் செய்கிறவர் தன் எல்லைக்கு வெளியே நடப்பதையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு நான் வகுப்பில் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கடல்ல எங்க பார்த்தாலும் தண்ணிதானே? அதுல வடிவமைக்க என்ன இருக்கு?

கரையில் நிற்பவருக்குத்தான் அது வெறும் தண்ணீர். கிழக்குக் கரையில் ஒரு ஊரில், ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டேன். குச்சி எடுத்து ஈர மணலில் ஒரு கோடு போட்டார், அது கரை. அதற்கு அப்பால் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே போனார். "இது சேறு, இறால் கிடக்கும். இது பாரு (கடலடிப் பாறைத்திட்டு), வலையைப் போட்டா கிழிஞ்சிடும் தம்பி, தூண்டில்தான். இது மணல் மேடு." நீரோட்டத்தைக் கேட்டதும் குச்சியை நிறுத்திவிட்டு, "எந்த மாசத்துக்குச் சொல்லணும்?" என்றார். மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்துக்கு ஒரு படம், வடக்கே இருந்து வரும் வாடைக்கு ஒரு படம் என்று இரண்டு படங்கள் வரைந்த பிறகுதான் அவருக்குத் திருப்தி.

ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி, அது தரையில் படும் விதத்தை விரலில் உணர்ந்து, அடியில் பாறையா சேறா என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குமரிக் கடலில் 'கணியம்' பார்ப்பார்கள். கரையில் தெரியும் ஒரு மலையுச்சியையும் ஒரு கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து, அந்தக் கோட்டைக் கொண்டே கடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாரைக் கண்டுபிடிப்பார்கள். தூத்துக்குடிக் கடலின் முத்துப் பார்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயரும் எல்லையும் பருவமும் உள்ள இடத்தை வெறும் தண்ணீர் என்று எப்படிச் சொல்வது?

கடலடி முழுக்க ஏற்கெனவே மேப் போட்டாச்சே. போன்லயே தெரியுதே?

போனில் தெரியும் கடலடியில் பெரும்பகுதி கணிப்பு. கடலின் மேற்பரப்பு ஈர்ப்பு விசையால் எங்கே எவ்வளவு உயர்ந்து தாழ்கிறது என்று செயற்கைக்கோள் அளக்கிறது. அதை வைத்து அடியில் மலையா பள்ளமா என்று ஊகிக்கிறார்கள். கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி இன்றைய தரத்தில் நேரடியாக அளந்தது உலகக் கடலடியில் கால் பங்கை ஒட்டித்தான் வரும்.

இந்த இடத்தில் மேரி தார்ப்பை நினைக்காமல் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அவருக்கு அனுமதி இல்லை. சக ஆய்வாளர் புரூஸ் ஹீசன் கொண்டுவந்த ஆழக் கணக்குகளை மேசையில் வைத்துக்கொண்டு, 1957-இல் வட அட்லாண்டிக்கின் அடித்தரையைப் படமாக வரைந்தார். நடுக்கடல் மலைத்தொடரின் முதுகில் ஓடும் பிளவுப் பள்ளத்தாக்கு அவர் கண்ணில்தான் பட்டது. எண்களாகக் கிடந்த கடலடியை மலையும் பள்ளத்தாக்குமாகக் கண்முன்னே நிறுத்தினார். ஒரு நிலவடிவமைப்பாளருக்கு இதைவிட நல்ல முன்னோடி இல்லை என்பேன்.

நிலத்துல செய்யறதையே கடல்லயும் செஞ்சா போதாதா? என்ன பெரிய வித்தியாசம்?

வித்தியாசம் பெரிது. நிலத்துக்கு மேலிருந்து ஒரு வரைபடம் போட்டால் ஏறக்குறைய வேலை முடியும். கடலில் மேலே கப்பல், நடுநீரில் மீன்கூட்டம், அடியில் கேபிள், சேற்றுக்குள் புழு. ஒரே இடத்தில் நான்கு அடுக்கு வாழ்க்கை. அதோடு எதுவும் நிலையாக நிற்பதில்லை. இங்கே போட்ட மணல் அடுத்த ஊருக்குப் போகிறது, இங்கே பிறந்த மீன்குஞ்சு எங்கோ போய் வளர்கிறது. வேலி போட முடியாது, பட்டா கிடையாது.

நம் திணைக் கணக்கு இதற்கு நன்றாக உதவுகிறது. கடலும் கடல் சார்ந்த இடமும் சேர்ந்தது நெய்தல். கடலை நிலத்தின் எல்லையாகச் சொல்லாமல் நிலமாகவே எண்ணியிருக்கிறார்கள். முதற்பொருள் என்பதும் நிலம், பொழுது இரண்டும் சேர்ந்ததுதான். மணலில் இரண்டு படம் வரைந்த பெரியவர் செய்ததும் அதுவே. கடலுக்கான வரைபடத்தில் மாதத்தைக் குறிக்காவிட்டால் அது பாதிப் படம் என்று மாணவர்களிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உருப்படியா நடந்த ஒரு உதாரணம் சொல்லுங்க.

நியூயார்க்கின் ஸ்டாட்டன் தீவு. அதன் தென்முனையில் டாட்டன்வில் என்ற பகுதி. ஒரு காலத்தில் சிப்பியால் பிழைத்த ஊர். அந்தக் கரையை ஒட்டிய சிப்பிப் படுகைகள்தான் புயலலையை முதலில் வாங்கி உடைத்தன. அதிகமாக அள்ளியதாலும், நகரத்தின் கழிவுநீராலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொழில் முடிந்துபோனது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது கரைக்கு முன்னால் அலையை உடைக்க எதுவும் இல்லை. வீடுகள் போயின, உயிர்களும் போயின.

அடுத்து நடந்த வடிவமைப்புப் போட்டியில், கேட் ஆர்ஃப் தலைமையிலான ஸ்கேப் என்ற நிலவடிவமைப்பு நிறுவனத்தின் திட்டம் 2014-இல் தேர்வானது. உயரமாகச் சுவர் எழுப்பிக் கடலை மறைக்காமல், கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிக் கடலுக்குள்ளேயே எட்டுத் துண்டாகக் கல்மேடுகள் அமைப்பது என்பது அவர்கள் யோசனை. மொத்த நீளம் 2,400 அடி அளவு. அலைத்தொட்டியில் சிறிய மாதிரி வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கடலில் வேலை 2021-இல் தொடங்கி 2024-இல் முடிந்தது.

எனக்கு அதில் பிடித்தது கடலைப் பார்த்த பக்கம். அங்கே கல்மேடு நேர்ச்சுவராக முடியாமல் விரல்களைப் போல வரப்பு வரப்பாக நீள்கிறது. இரண்டு வரப்புகளுக்கு நடுவே குறுகலான நீர்ச்சந்து. 'பாறைத் தெரு' என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய மீன் துரத்தினால் குஞ்சு நுழைந்து ஒளியும் அளவுக்கு இடுக்குகள். கல்லுக்கு நடுவே வைத்த கான்கிரீட் கட்டிகளின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகவும் குழிகுழியாகவும் வார்த்திருக்கிறார்கள், சிப்பியும் பாசியும் பிடித்துக்கொள்வதற்காக. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இது வெள்ளத்தைத் தடுக்காது. அலையின் உயரத்தைக் குறைக்கும், கரை அரிப்பைத் தணிக்கும், அவ்வளவே. ஊர்க்காரர்களிடம் அதை ஆரம்பத்திலேயே சொல்லித்தான் திட்டம் நடந்தது.

அதுவும் கல் கொட்டுறதுதானே? நம்ம ஊர்லயும்தான் கொட்டுறாங்க.

எங்கே, எந்த இடைவெளியில், எந்த உருவத்தில் என்பதுதான் கேள்வி. நம் கிழக்குக் கரையில் மணல் வருஷக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு ஆறு கரையோரமாக ஓடுவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆற்றின் குறுக்கே கல்லை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே பசி எடுக்கும். 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கியபின் தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரம் பக்கம் கரையைக் கடல் தின்றது. நாம் பெருமைப்படும் மெரினா மணல் வடசென்னைக்குப் போய்ச் சேர வேண்டிய மணல்.

புதுச்சேரியிலும் அதே கதை. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கல் நீட்டினார்கள், நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. மிச்சத்தைக் காப்பாற்ற நேராகக் கல் அடுக்கினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராகப் போனது. பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு மூழ்கிய அமைப்பை வைத்தது. 2018-க்குப் பின் அந்தப் பகுதியில் மணல் திரும்பவும் சேர்ந்தது. பல வருஷம் கல்லை மட்டுமே பார்த்த குழந்தைகள் மணலில் இறங்கி விளையாடியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எங்க ஊருக்குத் தூண்டில் வளைவு வேணும்னு பத்து வருஷமா மனு கொடுக்கிறோம். வேண்டாம்ங்கிறீங்களா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது அறிவுரை சொல்ல எனக்கு உரிமை இல்லை. தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் தூண்டில்முள் போல வளைத்து நீட்டும் கல்சுவர், உங்கள் ஊரைக் காப்பாற்றக்கூடும், படகு நிறுத்தவும் தோதாக இருக்கும். ஆனால் முந்தைய பதிலில் சொன்னதுபோல வடக்கே இருக்கும் ஊரின் மணல் அதில் சிக்கும். அவர்களும் நாளை மனு கொடுப்பார்கள். ஆகவே ஒரு ஊருக்கென்று கேட்காமல், ஒரு முகத்துவாரத்திலிருந்து அடுத்த முகத்துவாரம் வரை ஊர்கள் சேர்ந்து ஒரே திட்டமாகக் கேளுங்கள். துறைமுக வாயில் அடைத்துக்கொள்ளும் மணலை அள்ளி வடக்கே கொட்டும் ஏற்பாட்டையும் அதில் சேர்த்துக் கேளுங்கள்.

மணலையே வடிவமைப்புப் பொருளாக எடுத்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 2011-இல் தெற்கு ஹாலந்துக் கரையில் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கொக்கி வடிவத்தில் ஒரே இடத்தில் குவித்தார்கள். 'மணல் இயந்திரம்' என்று பெயர். காற்றும் அலையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுபோய்க் கரை நெடுகப் பரப்புகின்றன. வருஷா வருஷம் கடலடியைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் கடலின் அலை வேறு, புயல் வேறு, அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. கடலின் போக்கையே வேலைக்காரனாக வைத்துக்கொள்ளும் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

செயற்கைப் பாறைனா பழைய டயர், ஓட்டைப் படகு எல்லாத்தையும் கடல்ல தள்றதா?

தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970-களில் அதைத்தான் செய்தார்கள். ஃபோர்ட் லாடர்டேல் கடலில் 20 லட்சம் டயர்கள் அளவுக்குக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். மீனுக்கு வீடு, குப்பைக்கும் வழி என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. கட்டிய பட்டைகள் உப்புநீரில் அறுந்தன. டயர்கள் புயலில் உருண்டுபோய்ப் பக்கத்தில் உயிரோடு இருந்த இயற்கைப் பவளப்பாறையை இடித்து நொறுக்கின. 2007 முதல் ராணுவ முக்குளிப்பவர்களை வைத்து அள்ள வேண்டியதாயிற்று. குப்பையை எங்கே தள்ளுவது என்ற கேள்வியிலிருந்து அது தொடங்கியது. மீனுக்கு என்ன வேண்டும் என்று தொடங்கியிருந்தால் டயர் யார் மனதிலும் வந்திருக்காது.

அப்போ நம்ம கடல்ல இறக்குற கான்கிரீட் மட்டும் எப்படிச் சரி?

எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். நன்றாக நடந்ததாக நான் நினைப்பது தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் பவளப்பாறையை வருஷக்கணக்காக வெட்டி எடுத்ததன் விலை அது. வான் தீவும் 15 ஹெக்டேருக்கு மேல் இருந்த நிலையிலிருந்து 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிக்கொண்டு வந்தது. 2015-ஐ ஒட்டி, தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வடிவமைப்பில், அடி அகன்று மேலே குறுகி, உடம்பெல்லாம் ஓட்டை வைத்த கான்கிரீட் கூடுகளைத் தீவின் முன்னால் வரிசையாக இறக்கத் தொடங்கினார்கள்.

அந்த ஓட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓட்டை இல்லாத சுவர் அலையைத் திருப்பி அடிக்கும், அடியில் மணல் அரித்துச் சுவரே சாயும். ஓட்டை இருந்தால் அலை உள்ளே நுழைந்து, சுழன்று, களைத்து வெளியே வருகிறது. களைத்த தண்ணீர் தூக்கி வந்த மணலைக் கீழே விடுகிறது. அதே ஓட்டைக்குள் மீன் குடியேறுகிறது, மேலே பவளக் குஞ்சு ஒட்டுகிறது. தீவு கரைவது தடைபட்டு மணல் சேர ஆரம்பித்தது.

மீன்பிடிக்காக மட்டும் இறக்கும் கூடுகளில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. மீன் அங்கே பெருகுகிறதா, இல்லை சுற்றுவட்டாரத்து மீனெல்லாம் ஒரே இடத்தில் கூடி எளிதாகப் பிடிபடுகிறதா? இரண்டும் நடக்கும். யார், எந்த வலையால், எவ்வளவு பிடிக்கலாம் என்று ஊர் முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால் பின்னதுதான் அதிகம் நடக்கும். கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி வலையைப் போட முடியாதபடி கூடு தடுப்பதால், சிறு படகுக்காரர்கள் பல இடங்களில் அதை விரும்புகிறார்கள்.

ஏற்கெனவே சுவர் கட்டி முடிச்ச கரையில என்ன செய்ய முடியும்?

சுவரைச் சொரசொரப்பாக்கலாம். சிட்னித் துறைமுகத்தின் கரையில் பாதிக்கு மேல் சுவர்தான். 2018 முதல் அங்கே அறுகோணக் கான்கிரீட் பலகைகளைச் சுவரில் பதிக்கிறார்கள். ஒன்றில் பாறைக்குட்டை போன்ற கிண்ணங்கள், இன்னொன்றில் அலையாத்தி வேர் போன்ற முறுக்குகள். ஓதம் வடிந்தபின்னும் கிண்ணத்தில் நீர் நிற்கும், வெயிலில் வதங்காமல் நத்தையும் நண்டும் பிழைக்கும்.

டிசைன் திங்கிங்னு கம்பெனில கலர் சீட்டு ஒட்டுவாங்களே, அதுவா இது?

சீட்டு முக்கியமில்லை. பயன்படுத்துகிறவரைக் கவனிப்பது, சிறியதாகச் செய்து பார்ப்பது, தப்பானால் மாற்றுவது என்ற பழக்கம்தான் வேண்டும். பிச்சாவரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது எனக்குப் பிடித்த உதாரணம். மரம் வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பேறி, அலையாத்தி திரும்ப வராமல் கிடந்தது. கன்றை நட்டு நட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஓதநீர் வந்துபோக மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் முதுகெலும்பாக ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகச் சிறிய கிளைகள். உப்பு இறங்கியது, கன்றுகள் பிடித்தன. முத்துப்பேட்டைக்கும் அந்த முறை போனது.

ஒரு கல்லுகூடப் போடாம கடலை வடிவமைக்க முடியுமா?

முடியும். எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். 2007-இல் பாஸ்டன் துறைமுகத்துக்கு வரும் கப்பல் பாதையைக் கொஞ்சம் வடக்கே திருப்பினார்கள். திமிங்கிலங்கள் எங்கே அதிகம் கூடுகின்றன என்ற பல வருஷப் பதிவுகளைக் கப்பல் பாதையின் மேல் வைத்துப் பார்த்துச் செய்த மாற்றம் அது. கப்பலுக்குக் கூடுதலாக ஆகும் நேரம் 10 முதல் 22 நிமிஷம். நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்குக் கீழே, நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தின் வழியாகவே உலகின் நெரிசலான கப்பல் பாதை ஒன்று போகிறது. 2022-இல் எம்.எஸ்.சி. என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே 15 கடல் மைல் தெற்கே திருப்பிக்கொண்டது. மற்றக் கப்பல்களும் திரும்ப வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இதன் பெரிய வடிவம் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு. 3,44,400 சதுர கிலோமீட்டர் கடல் பூங்கா. அந்தக் கடலை உயிரினமும் அடித்தரையும் பார்த்து 70 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு மீன்பிடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அழகான பவளத்துக்கு மட்டும் பாதுகாப்பு என்றில்லாமல் யாரும் பார்க்காத சேற்றுத்தரைக்கும் பங்கு கொடுத்தது பெரிய விஷயம். 2004 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தபோது, மீன் பிடிக்காத பகுதி 5 சதவீதத்துக்கும் குறைவிலிருந்து மூன்றில் ஒரு பங்காக உயர்ந்தது.

கலர் கலரா கட்டம் போட்டு இங்க வராதேனு சொன்னா மீனவன் எங்க போவான்?

நியாயமான கோபம். ஆஸ்திரேலியாவில் மக்கள் எழுதிக்கொடுத்த 31,000-க்கும் மேற்பட்ட கருத்துகளைப் படித்து எல்லைகளை மாற்றினார்கள், தொழில் இழந்தவர்களுக்கு நஷ்டஈடும் கொடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் 1986-இல் தேசியப் பூங்கா வந்தபோது, தீவைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களிடம் யாரும் அப்படி உட்கார்ந்து பேசவில்லை. பவளத்தைக் காப்பது தேவைதான். அதற்காக அவர்கள் தங்கள் கடலிலேயே ஒளிந்து ஒளிந்து வேலை செய்யும் நிலை வந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

வேறு வழியும் உண்டு. ஜப்பானின் ஹினாசே என்ற மீனவ ஊரில் கடற்புல் வெளி அழிந்து மீன் குறைந்தபோது, 1985-இல் மீனவர்களே விதை சேகரித்து விதைக்கத் தொடங்கினார்கள். அடித்தரை சேறாகி விதை நிற்காத இடத்தில் தாங்கள் வளர்த்த சிப்பியின் ஓடுகளைப் பரப்பினார்கள். 12 ஹெக்டேருக்குச் சுருங்கியிருந்த கடற்புல் முப்பது வருஷத்தில் 250 ஹெக்டேரை எட்டியது. நம் பாக் நீரிணையிலும் மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டிக் கடற்புல் நடும் வேலை நடக்கிறது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, திரும்பக் கடலில் விடும் மீனவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டிப் பரிசு தருகிறது. இந்த ஊர்களில் வரைபடம் போடும் பென்சில் மீனவர் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் திட்டத்தை மதிப்பிடுவேன்.

கடலுக்குள்ள காத்தாடி வைக்கப் போறாங்களாமே?

2024 ஜூனில் குஜராத், தமிழ்நாடு இரண்டுக்கும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கான நிதியுதவித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்தது. காற்றாலையை நான் எதிர்க்கவில்லை. கம்பங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, படகு குறுக்கே போகலாமா, கேபிள் எந்தப் பாரின் மேல் போகிறது, கம்பத்தின் அடியில் கொட்டும் கல்லை மீனுக்கும் உதவும்படி அடுக்க முடியுமா என்பதெல்லாம் வடிவமைப்புக் கேள்விகள். பிரிட்டனில் காற்றாலைகளுக்கு நடுவே மீன்பிடிக்கலாம், பெல்ஜியத்தில் கூடாது. எது என்று இடம் குறிக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். கம்பம் நட்டபின் பேச ஒன்றும் இருக்காது.

நடுக்கடல் யாருக்குச் சொந்தம்? அங்க யார் திட்டம் போடுவாங்க?

கரையிலிருந்து 200 கடல் மைல் வரை வளங்கள் அந்தந்த நாட்டுக்கு. அதற்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லை. அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிக்க 2023 ஜூனில்தான் ஐ.நா.வில் உடன்படிக்கை முடிந்தது. 2025 செப்டம்பரில் 60 நாடுகள் உறுதிசெய்ததால் 2026 ஜனவரி 17 முதல் அது சட்டம்.

தண்ணியே சூடாகுது. அப்புறம் இந்த ஓட்டைக் கான்கிரீட்டெல்லாம் எதுக்கு?

கடினமான கேள்வி. எந்த வடிவமைப்பும் கடலைக் குளிர்விக்காது. பெருந்தடுப்புத் திட்டு 2016-க்குப் பிறகு 2017, 2020, 2022, 2024 என்று சூட்டில் நிறம் இழந்து திரும்பத் திரும்ப வெளுத்தது, மேலே நான் புகழ்ந்த அத்தனை திட்டமிடலுக்குப் பிறகும். மன்னார் வளைகுடாவும் 2010-இலும் 2016-இலும் கடுமையாக வெளுத்தது. கரி எரிப்பதை நிறுத்தாமல் கூடு இறக்குவதில் மட்டும் கவனம் செலுத்தினால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். ஆனால் கழிவுநீரும் இழுவை மடியும் சேராத பவளம், வெளுத்தபின் மீள்வதற்கு வாய்ப்பு அதிகம். அந்தச் சுமைகளைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

இதைப் படிக்க எங்க போகணும்?

கடலுக்கென்றே தனிப் பட்டம் தேட வேண்டாம். கட்டடக்கலைக்குப் பின் நிலவடிவமைப்பு முதுகலை படிக்கலாம். கடல் உயிரியல், கடற்கரைப் பொறியியல் படித்தவர்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள், அவர்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கல்லூரியில் சொல்லித்தராத இரண்டு: நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வருஷம், எல்லாப் பருவத்திலும், ஒரே ஊரின் படகில் ஏறிப் போய்வாருங்கள்.

நான் டிசைனர் இல்ல. கடற்கரைல குடியிருக்கேன். என்னால என்ன ஆகும்?

உங்கள் ஊர்க் கடற்கரையில் அசையாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்குக் கம்பமோ, கோயில் சுவரோ எதுவானாலும் சரி. மாதாமாதம் அமாவாசையன்று, நீர் நன்றாக வடிந்த நேரத்தில், அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். கம்பத்திலிருந்து தண்ணீர் வரை காலடி எண்ணி எழுதிவையுங்கள். மூன்று வருஷம் செய்தால், உங்கள் கரை எந்தக் காற்றில் வளர்கிறது, எந்தக் காற்றில் தேய்கிறது என்று எந்த அதிகாரியிடமும் காட்டிப் பேசலாம். வீட்டுப் பெரியவர்களிடம் பார்களின் பெயரையும் கணியத்தையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கரையில் மரமும் கட்டடமும் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய கணியங்கள் வேகமாக மறைகின்றன.

அப்புறம், 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி உங்கள் மாவட்டத்துக்கு வரைபடம் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அந்த நாளில் கட்டாயம் போங்கள். வரைபடத்தை விரித்து வைத்து, வலை காயவைக்கும் இடம், படகு ஏற்றும் இடம், கருவாடு போடும் மணல், பெண்கள் மீனை ஏலம் எடுக்கும் இடம் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இல்லாத இடத்தைப் பேனாவால் வரைந்து, ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதி, நகல் ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.